மஞ்சள் ஏறாத தக்கை

புதைத்துவிட்டு வந்தவர்களின் சேறு படிந்த காலணிகள் வாசலில் குவிந்து கிடந்தன. சமையலறையில் ரோவினா பெரிய ஜாடியைத் துணியில் கவிழ்த்து, வடிந்தது போக மீதியைக் கையால் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். வெங்காயமும் பூண்டும் இஞ்சியும் மஞ்சளும் ஆறு வாரம் ஆப்பிள் வினிகரில் ஊறிய நெடி வின்னியின் கண்ணைக் கரித்தது.

"அழுதுடு வின்னி," என்றாள் ரோவினா. "யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

அது அழுகை இல்லை என்று சொல்ல வின்னிக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் அண்ணன் எல்வுட், ரோவினாவின் கணவன், இந்த மலைச் சாலையில் இருபத்தாறு குளிர்காலம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். செவ்வாய்க்கிழமை காலை, பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வருடா வருடம் அக்டோபரில் இந்த டானிக்கை ஊறப்போட்டு, முதல் பனி விழுந்ததும் வடித்து, சாலையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் கொடுப்பான். கழுவிய காலி பாட்டில் திரும்பி வந்தால்தான் மறுபடி நிரப்புவான். அதனால் இன்று எல்லோரும் கையில் காலி பாட்டிலோடு வந்திருந்தார்கள். மேசையில் பதினான்கு நின்றன.

"உன்னோடது எங்கம்மா?" என்றார் பக்கத்துப் பண்ணை ஏமஸ். "முதல் பாட்டில் உனக்குத்தானே. 'என் தங்கச்சியப் பாருங்க, மருந்துக் கடையில நாள் பூரா இருமுறவங்க எதிர்ல நிக்கிறா, ஒரு தும்மல் உண்டா?'ன்னு எங்க உயிர எடுப்பான்."

வின்னி கைப்பையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள்.

பதினோரு வருடமாக, பர்லிங்டன் நகரத்திலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பியதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் டானிக்கைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிடுவாள். பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, அடுத்த இலையுதிர் காலத்தில் மறக்காமல் கொண்டுவந்து கொடுப்பாள். ஒருமுறை எப்படி இருந்தது என்று அவன் கேட்டபோது, எதையாவது சொல்லவேண்டுமே என்று, "காரம் ஜாஸ்தி" என்றாள்.

"நீ அன்னிக்கு அதைச் சொல்லப்போக," ஏமஸ் தொடர்ந்தார், "எங்க எல்லாருக்கும் தேன் ரெண்டு மடங்காச்சு. என் பல்லு போனதுக்கு நீதான் பொறுப்பு."

துக்க வீடு சிரித்தது. ரோவினா ஒரு கரண்டியை நீட்டினாள். "தேன் இன்னும் சேர்க்கல. ருசி பாத்துச் சொல்லு. உன் நாக்குக்குத்தான் அவன் அளவு வெச்சான்."

நான் இதைக் குடித்ததே இல்லை என்ற வாக்கியம் தொண்டைவரை வந்தது. வின்னி அதையும் சேர்த்து விழுங்கினாள். நெஞ்சுக்குழிவரை எரிந்தது.

"என்ன, சரியா இருக்கா?"

எதை வைத்துச் சொல்வாள்? குனிந்தாள். ரோவினா பாட்டில்களிலிருந்து பிடுங்கிய தக்கைகள் துண்டின் மேல் கிடந்தன. குடிக்கும்போதெல்லாம் குலுக்கவேண்டும் என்பதால், ஒரு குளிர்காலம் முழுக்க மஞ்சள் ஏறிய தக்கைகள். சில அடிவரை ஆரஞ்சு நிறமாகியிருந்தன. ஒன்று மட்டும் கடையில் வாங்கியதுபோல வெளுப்பாக இருந்தது.

பத்துத் தடவை அவன் கையால் பிடுங்கிய தக்கை. பதினோரு தடவை நிரப்பி, அவனே அழுத்தி மூடிய தக்கை.

நிமிர்ந்தபோது ரோவினாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தேன் ஜாடியின் மூடியைத் திருக ஆரம்பித்தாள்.

"ஏமஸ், உங்களுக்கு எப்படி இருந்தாப் பிடிக்கும்?" என்றாள் வின்னி.

"அடேயப்பா! இன்னிக்காவது கேட்டாங்களே. பாதித் தேன் போதும்மா, பாதி."

"பாதியே போடு ரோவினா."

"உனக்குக் காரமா இருக்குமே?"

"இருக்கட்டும்."

முதல் பாட்டில் அவளுக்குத்தான். ரோவினா கழுத்துவரை நிரப்பி, வெள்ளைத் தக்கையை வின்னியின் உள்ளங்கையில் வைத்தாள். மூடுவதற்கு அவளுக்கு நேரம் பிடித்தது.

வெளிச்சம் மங்குவதற்குள் கிளம்பினாள். யாரும் தள்ளாத பனியில் கார் மெல்ல ஊர்ந்தது. முதல் வளைவில் பக்கத்து இருக்கையில் இருந்த பாட்டில் சாய்ந்து படுத்தது. வின்னி கையை நீட்டினாள். நிமிர்த்தவில்லை, உருண்டுவிடாமல் பிடித்துக்கொண்டாள். பாட்டிலுக்குள் தக்கையின் அடியில் மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது.