லீவு வேண்டாம், காற்று வேண்டும்

எண்ணெய் டிரம்மை உருட்டிவர வழக்கமாக இரண்டு ஆள் வேண்டும். அய்யாத்துரை தனியாகவே உருட்டி வந்தான். தொண்ணூறடி ரோட்டில் பால் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. சந்துக்குள் வெளிச்சம் இன்னும் இறங்கவில்லை. கரீம் பாட்சாவின் பட்டறையில் மட்டும் டியூப்லைட் எரிந்தது. டிரம்மின் விளிம்பைத் தொடையில் தாங்கிச் சாய்த்து, நிறமில்லாத அந்த எண்ணெயை வாளியில் பிடித்தான். வெள்ளைப் பிளாஸ்டிக் பவுடர் நிறைந்த மிக்சர் மெஷினுக்குள் ஊற்றினான். முழங்கை வரை வழிந்ததைக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

டி.ஓ.பி. என்று அதற்குப் பெயர். வெறும் பவுடரை உருக்கினால் பிளாஸ்டிக் அப்பளம்போல நொறுங்கும். இந்த எண்ணெய் சேர்ந்தால்தான் அது வளையும், மடங்கும், பையாகவும் மேஜை விரிப்பாகவும் தைக்க வரும். குளிர்ந்திருக்கும்போது அதற்கு வாசனையே இல்லை, சாதுவாகக் கிடக்கும். சூடான ரோலரில் ஏறியதும் குணம் மாறிவிடும். இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கலவை நசுங்கிச் சிவப்பு ஷீட்டாக இறங்கும்போது வெண்புகை கிளம்பும். திகட்டும் நெடியொன்று தொண்டையில் போய் உட்காரும்.

அந்தப் புகைக்கு முன்பு ஒரு வழி இருந்தது. பின்சுவர் ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியது. மழைக்காலத்துக்கு முன் ஆர்டர் பெருகியபோது அந்தப் பக்கம் பிளைவுட் அடித்து ஸ்டாக் ரூம் ஆக்கிவிட்டார் முதலாளி. ஃபேன் சரக்குக்குப் பின்னால் போயிற்று. புகை ஆட்களோடு தங்கிவிட்டது.

ரோலருக்கு அடுத்த நீள மேஜையில் நின்று, சூடு ஆறுமுன் ஷீட்டின் ஓரத்தை வெட்டுவது நாலு பெண்களின் வேலை. ஜுவைரியா கடையநல்லூர்க்காரி. வயிற்றில் நாலு மாசம். பக்கத்தில் நிற்கும் ஸ்மிதா மராத்திக்காரி. இந்தத் தமிழர் சந்திலேயே வளர்ந்தவள் என்பதால் அவளுக்குத் தமிழில் சண்டை போட நன்றாக வரும். கொஞ்சிப் பேசத்தான் வராது.

"கண்ணு ரெண்டும் மொளகா வச்ச மாதிரி இருக்கு" என்றாள் ஜுவைரியா.

"வெளிய போய் மூஞ்சி கழுவு. நான் உன் பக்கமும் வெட்டறேன்" என்றாள் ஸ்மிதா.

ஜுவைரியா இரண்டடி எடுத்து வைத்திருப்பாள். டிரம்மின் மூடி இறுகாமல் எண்ணெய் தரையில் கசிந்து பரவியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. தரையோடு தரையாகக் கிடந்தால் அது கண்ணுக்கும் தெரியாது. வாளியோடு வந்த அய்யாத்துரைக்குக் காலையிலிருந்தே தலை சுற்றல். கால் வழுக்கியது. விழப்போனவன் பிடிப்புக்காகக் கையை நீட்ட, முன்கை முழுவதும் சூடான ரோலரில் போய்ப் படிந்தது. ஜுவைரியா திரும்பி ஓடி, உருளைக்கு மேல் தொங்கிய நிறுத்தும் கம்பியைப் பிடித்து இழுத்தாள். மெஷின் நின்றது. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் விரல்கள் உள்ளே போயிருக்கும். அய்யாத்துரை கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோல் உரிந்து தொங்குவதை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டோவில் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது ஜுவைரியாதான். கட்டுப்போட்ட டாக்டர் இளவயதுக்காரி. என்ன எண்ணெய், எவ்வளவு நேரம் புகையில் நிற்கிறீர்கள், கையுறை உண்டா என்று இந்தியில் விசாரித்தாள். பிறகு ஜுவைரியாவின் வயிற்றைப் பார்த்தாள். "மிருகங்களுக்குக் கொடுத்துச் சோதித்ததில் குட்டிக்குக் கெடுதல் வந்திருக்கிறது. மனிதர்களுக்கு இவ்வளவு வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீ அந்தப் புகையில் நிற்கக்கூடாது" என்றாள். ஜுவைரியாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அய்யாத்துரையிடம் தனியாகச் சிறிது நேரம் பேசினாள். அவன் வெளியே வந்தபோது முகம் தொங்கியிருந்தது. என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, "கை ஆறிரும்னு சொன்னா" என்று மட்டும் சொன்னான்.

ஜுவைரியா பட்டறைக்குத் திரும்பி, டாக்டர் சொன்னதை எல்லோரிடமும் சொன்னாள். முதலாளியிடமும் சொன்னாள்.

மறுநாள் காலை கரீம் பாட்சா சீக்கிரமே வந்துவிட்டார். அவர் பொல்லாத மனிதர் அல்ல. இதே ரோலரில் கூலிக்கு நின்று, பிறகு அதை வாங்கியவர். ஆஸ்பத்திரிச் செலவை அவரே கட்டினார். இன்றும் ஆட்களோடு நின்றுதான் சாயா குடிப்பார். மேஜைக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னையில இருந்து ரோலர் பக்கம் பொம்பளைங்க யாரும் வேண்டாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். ஜுவைரியா, நீ போயி நல்லபடியா புள்ளையப் பெத்துட்டு வா. மத்தவங்களும் வேற எடம் பாத்துக்கிடுங்க."

நாலு பெண்களும் கத்தரியைக் கையில் வைத்தபடி நின்றார்கள். ரோலர் பக்கத்திலிருந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் சிலருக்கு அது நியாயமாகக்கூடப் பட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரி வீட்டில் இருப்பதில் என்ன தப்பு?

"மாமா, நாங்க போயிட்டா பொகையும் எங்க கூடவே வந்துருமா?" என்று கேட்டாள் ஜுவைரியா.

"என்னம்மா பேச்சு இது. டாக்டரம்மா சொன்னான்னு நீதான வந்து சொன்ன."

"பொகையில நிக்கக்கூடாதுன்னுதான் சொன்னா. வேலையில நிக்கக்கூடாதுன்னு சொல்லல்ல."

ஸ்மிதா கத்தரியை மேஜையில் வைத்தாள். "சேட், நாம ஹவா கேட்டா நீ சுட்டி குடுக்கற. லீவு யாருக்கு வேணும்? காத்துதான் வேணும். அந்த பிளைவுட்டப் பிரி, ஃபேனப் போடு. டிரம்முக்குச் சரியா மூடி போடு. கைக்கு கிளவுஸ் குடு. நாங்க ஏன் போகணும்?"

"பிரின்னா எங்க பிரிக்க? சரக்க என் தலையிலயா அடுக்குவேன்?" கரீம் பாட்சாவின் குரல் உயர்ந்தது. "சர்வேக்காரன் வந்து செவுத்துல நம்பர் போட்டுட்டுப் போயிருக்கான். இன்னைக்கோ நாளைக்கோ இடிக்கப் போற கட்டடம். இதுல போயி எவனாவது செலவழிப்பானா?"

"இடிக்கப் போற கட்டடம்னா உள்ள இருக்கவன் மூச்சு விட மாட்டானா மாமா?"

அவர் அடங்கிய குரலில், "இந்தப் பொகைய நானும் வருசக்கணக்காக் குடிச்சவன்தான். எனக்கு என்ன ஆயிப்போச்சு? மூணு புள்ளையும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வாசலில் அய்யாத்துரை நின்றிருந்தான். கட்டுப்போட்ட கையைக் கழுத்தோடு துணியில் தொங்கவிட்டிருந்தான். எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது.

"பாய், நான் ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"நீ ஏம்ல வந்த? வீட்ல கெட."

"கெடக்க முடியல." அவன் உள்ளே வந்து ரோலர் அருகே நின்றான். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான். "நேத்து டாக்டரம்மா என்னையும் ஒக்கார வச்சுப் பேசினா. புள்ள இருக்கான்னு கேட்டா. இல்லன்னேன். கல்யாணமாயி எத்தனையோ வருசம் ஆச்சு, ஒங்களுக்கே தெரியும். இந்த எண்ணெய் ஆம்பளைக்கும் கெடுதல் செய்யலாம்னு சொன்னா. அதுலயும் மிருகத்துலதான் பாத்திருக்காங்களாம். 'ஒனக்கு இதாலதான்னு நான் சொல்லல, டெஸ்ட் எடுத்துப் பாரு'ன்னு சொன்னா. நான் எடுக்கல. இதாலயா வேற எதாலயான்னு எனக்குத் தெரியாது பாய். ஆனா ஊர்ல எல்லாரும் என் பொண்டாட்டியத்தான் பேசுதாங்க. அவ ஒத்த வார்த்த திருப்பிச் சொன்னதில்ல. நேத்து ராத்திரிதான் அவகிட்ட இத வாயத் தொறந்து சொன்னேன்."

ஓர் ஆண், ஆண்கள் நடுவில், அதுவும் பெண்கள் கேட்கச் சொல்லும் பேச்சு அல்ல அது. அவன் முகம் வியர்த்திருந்தது. சொல்லி முடித்ததும் குனிந்திருந்த தலையை நிமிர்த்தினான்.

"பொம்பளைய அனுப்பிட்டா எல்லாம் சரியாப்போச்சுன்னு நீங்க நெனைக்கீய. இவங்களும் அப்படித்தான் நெனச்சுட்டு நிக்காங்க." ரோலர் பக்கத்து ஆண்களைப் பார்த்துச் சொன்னான். "பொகைக்கு ஆம்பள பொம்பள தெரியாதுலே. இந்தப் புள்ள நேத்து கம்பிய இழுக்கல்லன்னா எனக்கு இந்தக் கையே கெடையாது. அவளையா வெளிய அனுப்புவோம்?"

ரோலர் ஓட்டும் அப்துல் ஹாதி பேச்சு குறைந்தவன். மெயின் சுவிட்சின்மேல் ஏற்கெனவே கை வைத்திருந்தான், வேலையைத் தொடங்க. அந்தக் கையை எடுத்துவிட்டான்.

"ஃபேன் ஓடட்டும். அப்புறம் மெஷின் ஓடும்" என்றான்.

"ஹாதி, நீயுமா?"

"நானுந்தான் பாய்."

கரீம் பாட்சா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் கோபம் எந்த முகத்தில் இறங்குவது என்று தெரியாமல் அலைந்தது. "பக்கத்துக் குர்லாவுக்கு ஒரு போன் போட்டா சாயங்காலத்துக்குள்ள ஆள் வந்து நிப்பான். தெரிஞ்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு ஏணி ஏறி மேல்தட்டுக்குப் போனார்.

"வரட்டும்" என்றாள் ஸ்மிதா. "அவனுக்கும் மூக்கு இருக்கும்ல."

பட்டறையில் யாரோ சிரித்தார்கள். இறுகிக் கிடந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் சற்றுத் தளர்ந்தது. ஆனாலும் எல்லோருக்கும் பயம் இருந்தது. வாடகை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, ஊருக்குப் போன் பண்ணினால் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பயத்தோடேயே அவர்கள் வெளியே வந்து, வாசலுக்குக் குறுக்கே சந்தில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்றுதான் முதலில் உட்கார்ந்தார்கள். சந்து குறுகல். போக வர இடம் விட்டு நெருங்கி நெருங்கி உட்கார்ந்ததில் எல்லோரும் ஒன்றாகிவிட்டார்கள்.

வெயில் ஏறியது. ஜுவைரியாவின் கணவன் காலித் செய்தி கேட்டுக் குர்லா மெக்கானிக் ஷாப்பிலிருந்து ஓடிவந்தான். வந்தவன் அவளைக் கூப்பிட்டுப்போவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டு அய்யாத்துரை பக்கத்தில் உட்கார்ந்தான்.

சந்தில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். எதிரே வயருக்குப் பிளாஸ்டிக் உறை போடும் பட்டறை. அதன் இரைச்சல் காலையிலிருந்து காதை அடைத்துக்கொண்டிருந்தது. அது திடீரென்று நின்றது. அங்கே மெஷின் ஓட்டும் பூலோகம் அதை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். நரைத்த தாடி, கறுத்த பனியன். பின்னால் அவனோடு வேலை பார்ப்பவர்கள்.

"எங்களுக்கும் இதே எண்ணெய்தான்" என்றான் பூலோகம். "எங்க சேட்டு ஜன்னலே வைக்கல. நாங்க கேட்டதும் இல்ல. இன்னைக்கு ஒங்ககூட ஒக்காந்தா, எங்க வாசல்ல நாங்க ஒக்காரும்போது நீங்க வருவீங்களா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேல்தட்டில் கரீம் பாட்சா இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தார். யாரிடம் என்ன பேசுகிறார் என்பது கீழே கேட்கவில்லை.

ஜுவைரியா கையை ஊன்றி நகர்ந்து இடம் விட்டாள்.

"வருவோம்ணே. நீங்க மொதல்ல ஒக்காருங்க."