நாற்பத்தேழாம் நம்பர் கோட்டு

திருப்பரங்குன்றத்தில் தெருக் கூட்டி முடித்து வீடு வந்த முத்துமீனா, சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தாள். அதில் வெள்ளைக்காரப் பெண்கள் இரண்டு பேர் பனிக்கட்டித் தரையை விழுந்து விழுந்து தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் தடி, தடி முனையில் பிரஷ். அவர்களுக்குப் பின்னாலேயே ஒரு கல் வழுக்கிக்கொண்டு வந்தது.

“ஏங்க, ஐஸைக்கூடவா கூட்டுறாளுக?”

“குளிர்கால ஒலிம்பிக்காம். கல்லு போற வழிய இவளுக கூட்டிவிடணும். ஜெயிச்சா தங்கம்” என்றான் கணவன் பால்பாண்டி. மாட்டுத்தாவணியில் ஆட்டோ ஓட்டுபவன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான்.

“கூட்டுனதுக்கா? தங்கமா?”

சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் கண் அவர்கள் உடுப்பிலேயே நின்றது. உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. முதுகில் அவரவர் பெயர்.

அவளுடைய கோட்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. காண்ட்ராக்ட் கம்பெனி கொடுத்தது, ஆம்பளை அளவு. தோள்பட்டை முழங்கையில் கிடக்கும், குனிந்தால் முன்பக்கம் குப்பையை அளையும். முதுகில் கொட்டை எழுத்தில் 47. மூன்று வருஷமாக சூப்பர்வைசர் அசோக்குமார் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. “நாப்பத்தேழு, அந்தச் சாக்கடையப் பாரு” என்பான். ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூடப் பேர் வைக்கிற ஊர் இது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலமே கோட்டை எடுத்துக்கொண்டு டெய்லர் சுலைமானிடம் போனாள்.

“கம்பெனி கோட்டும்மா. கத்திரி வச்சா உன் வேலைக்கு வேட்டு வச்சிருவாங்க.”

“வைங்க பாய். அளவுக்குப் புடிச்சுக் குடுங்க. அந்த நம்பரு மேல செவப்புத் துணியில எம் பேரு. தூரத்துலருந்து வாசிக்கிற மாதிரி.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு வருகைப் பதிவு. அசோக்குமார் நோட்டைப் பிரித்தான். “நாப்பத்தாறு” என்றதும் ஒச்சம்மாள் கை தூக்கினாள். “நாப்பத்தேழு.”

எந்தக் கையும் உயரவில்லை. நிமிர்ந்து பார்த்தான்.

“கோட்டுல கத்திரி வச்சியா? வெளக்கமாத்துக்குப் பட்டுக்குஞ்சம் கேக்குதோ?”

“ஆமா சார், கேக்குது. எம் பேரைச் சொல்லிக் கூப்புடுங்க, கை தூக்குறேன்.”

“ஆப்சென்ட்டு. மூணு நாளு இப்பிடியே நின்னா சீட்டக் கிழிச்சிருவேன்.”

ஒச்சம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “விடு ஆத்தா. என்னன்னு கூப்புட்டா என்ன, கூலி வந்தாச் சரி.”

“உனக்குச் சரி மதினி. எனக்கு இல்ல.”

ஆப்சென்ட் விழுந்தவள் வீட்டுக்குத்தான் போகவேண்டும். முத்துமீனாவோ விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு சன்னதித் தெருவுக்கு நடந்தாள். வழக்கம்போலக் கூட்ட ஆரம்பித்தாள். வழக்கத்தைவிடச் சுத்தமாகவே கூட்டினாள் என்றுதான் சொல்லவேண்டும். அந்த வீம்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏழு மணிக்குள் கூட்டிய தெருவைப் போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்புவது அசோக்குமார் வேலை. செல்போனைத் தூக்கினால், நட்டநடுவில் சிவப்பு எழுத்தோடு ஒரு முதுகு. நோட்டில் ஆப்சென்ட், போட்டோவில் ஆள்! மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வான்? இடப்பக்கம் போனான், அவளும் இடப்பக்கம் கூட்டினாள். வலப்பக்கம் வந்தான், அவளும் வந்தாள்.

“ஏய்!” என்றான். அவள் திரும்பவில்லை.

“இந்தாம்மா!” பூக்காரி திரும்பினாள். டீக்கடையில் நின்ற நாலு பேர் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை.

“நாப்பத்தேழு!”

விளக்குமாறு தரையில் சரக் சரக்கென்று போய்க்கொண்டிருந்தது. மணி ஏழாக இரண்டு நிமிஷம். அசோக்குமார் கையிலிருந்த போனில் அந்தப் பேர் பளிச்சென்று தெரிந்தது.

“முத்துமீனா! தள்ளித் தொலை!”

கோயில் வாசல்வரைக்கும் கேட்டிருக்கும். முத்துமீனா விளக்குமாற்றை நட்டுவைத்தாற்போல் நிறுத்தித் திரும்பினாள். ஒரு கையை உயரத் தூக்கினாள்.

“உள்ளேன் ஐயா! நோட்டுல எழுதிக்கங்க, தெருவே சாட்சி.”