கசடும் என் அறிவுரையும்

1

என் வாய் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. முதல் மூன்று பிரதிகளில் இதை மறைத்திருந்தேன்.

முதல் பிரதி இப்படித் தொடங்கியது: விடியலின் பொன்னொளி அந்த ஆய்வக ஜன்னல் வழியே
[அடித்துவிட்டேன். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.]

எங்களோடு இருக்கும் என் நாத்தனார், தாவர எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கும் ஆலையில் வேலை பார்க்கிறாள். டீசலைப் பிரித்தபின் அடியில் பழுப்பாகக் கசடு தங்கும். கிளிசரினும் சோப்பும் உப்பும் சேர்ந்த குழகுழப்பு. ஆலை அதை எரித்துத் தீர்க்கிறது. இவளோ ஒருவகை ஈஸ்டுக்கு அதைத் தீனியாகப் போடுகிறாள். அது தின்று கொழுத்து ஆரஞ்சு நிறமாகிறது. அந்த நிறமியைக் கோழித் தீவனத்தில் கலந்தால் மஞ்சள் கரு பளிச்சென்று வருமாம்.

2

ஈஸ்ட் முதலில் கசடைத் தொடவே இல்லை. எட்டு மாதம் பழக்கினாள். ஒரு துளி, பிறகு ஒரு கரண்டி, பிறகு முழுக்க முழுக்கக் கசடு. "மருமக மாமியார் வீட்டுக்குப் பழகற மாதிரிதான் அண்ணி" என்றாள். அவளுடைய அம்மாதான் என் மாமியார் என்பதால் நான் கருத்துச் சொல்லவில்லை.

ஈஸ்ட் வளர்க்கப் பெரிய தொட்டி தருவதா, அல்லது ஆலையில் அவளுடைய ஆய்வக அறையைக் காலிசெய்து பழைய நாற்காலிகளைப் போட்டுவைப்பதா என்று முடிவுசெய்ய மேலாளர் வருவதாகச் சொல்லியிருந்தார். இரவு சாப்பிடும்போது இதைச் சொன்னாள். நான் வாயைத் திறந்தேன்.

"அந்தக் குழகுழப்ப அப்படியேவா காட்டுவ? கொஞ்சம் சுத்தம் பண்ணிக் காட்டேன்."

[முந்தைய பிரதிகளில் இதைச் சொல்பவர் ஒரு சிடுமூஞ்சி இன்ஜினியர். அப்படி ஒருவர் இல்லை. என் இடத்தில் நிற்பதற்காகவே அவரை உண்டாக்கினேன். மீசைகூட வைத்துவிட்டேன்.]

3

சுத்தம் செய்தாள். சோப்பையும் உப்பையும் பிரித்தெடுத்தபின் கிளிசரின் கண்ணாடி போல நின்றது. ஈஸ்டைப் போட்டு மூன்று நாள் குலுக்கியும் குடுவை கஞ்சித் தண்ணீராகவே கிடந்தது. மேலாளர் குனிந்து பார்த்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டாள்.

அன்று மாலை அவள் கண்கள்
[இல்லை. அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.]

மறுநாள் காலை, பல் தேய்த்தபடி குறிப்பேட்டைப் புரட்டியவள் வாயில் நுரையோடு சிரித்தாள். ஈஸ்ட் வளர உப்புகள் வேண்டும். கசடிலேயே தாராளமாக இருக்கிறதே என்று, கலவைப் பட்டியலிலிருந்து அவற்றை ஐந்து மாதம் முன்பே நீக்கியிருந்தாள். இப்போது கசடிலிருந்தும் நீக்கிவிட்டாள். ஈஸ்ட் பாவம், பட்டினி கிடந்திருக்கிறது.

"நான் சொன்னதாலதானே?" என்றேன்.

"சொன்னது நீங்க. பட்டியலப் பாக்காதது நான். பாதிப் பாதி வச்சுக்கலாம்."*

* எனக்கு லேசான ஏமாற்றம். முழுப் பழியையும் ஏற்றுக்கொள்ள நல்ல வசனமாக எழுதி வைத்திருந்தேன். குற்ற உணர்விலும் எனக்குப் பெரிய பங்கு வேண்டியிருக்கிறது.

4

இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தாள். வியாழன் காலை வந்து பார்ப்பதாக மேலாளர் ஒப்புக்கொண்டார். இன்று புதன். பழைய அழுக்குக் கசடோடு குடுவை இரண்டு நாளாகக் குலுங்குகிறது.

முடிவு ஒன்று: குடுவை ஆரஞ்சாகிறது, மேலாளர் கைதட்டுகிறார். [அவர் கைதட்டும் ரகமில்லை.] முடிவு இரண்டு: வெளுப்பு, நாற்காலிகள். மேலாளரே நாற்காலிகளைச் சுமந்து வருவதாக ஒரு மூன்றாவது முடிவும்

சற்றுமுன் அவள் வந்ததும் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்.

"எதையும் எழுதாதீங்க அண்ணி. போன தடவையும் நீங்கதான் முந்திக்கிட்டீங்க."

நியாயம்தான். ஆனால் அவள் சட்டைக் கையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை இருந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். சட்டென்று கையை மடித்துக்கொண்டாள். சிரிப்பை மடிக்க முடியவில்லை.

கறை என்ன நிறம் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சட்டை துவைக்கக் கிடக்கிறது. இன்றைக்கு நான் எதையும் வெளுப்பதாக இல்லை.