டயரில் எழுந்த அலை

கம்ப்யூட்டருக்குள் ஓடும் டயர் சுற்றாது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அந்த அலுவலகத்தில் அப்படித்தான். டயர் நின்ற இடத்தில் நிற்கும். ரப்பர் மட்டும் அதன் வழியே ஆறு மாதிரி ஓடுவதாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற கணக்கு.

புதிய கார் டயருக்கு அந்தக் கணக்கைப் போட்டவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளுடைய சொந்தத் தம்பி அதே கம்பெனியின், அலுவலகத்தை ஒட்டிய சோதனைத் தடத்தில் டிரைவர். அவன் கூப்பிடுவதைக் கேட்டு மற்றவர்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

உச்ச வேகத்தை நெருங்கும்போதெல்லாம் கணக்கு முடிவுக்கு வராமல் அறுந்துபோனது. திரையில் டயர் தரையைத் தொட்டு எழும் இடத்துக்குப் பின்னால் ரப்பரில் சின்னச் சின்ன மடிப்புகள். மேலதிகாரியோ சீக்கிரம் முடி என்று கழுத்தில் கத்தி வைக்காத குறையாக நின்றார். அதிர்வைத் தணிப்பதற்கென்று ஓர் எண் உண்டு; நிஜ ரப்பரில் எவ்வளவோ அவ்வளவுதான் போட வேண்டும். அவள் கொஞ்சம் கூட்டிப் போட்டாள். உப்புக் கூடினால் நாக்குக்குத் தெரியும், இது யாருக்குத் தெரியப்போகிறது? மடிப்புகள் மறைந்தன, கணக்கு சமர்த்தாக முடிந்தது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள், பாராட்டும் வாங்கினாள்.

மனசுதான் கேட்கவில்லை. டயரை நிஜமாகவே சுற்றவிடும் நீண்ட கணக்கு ஒன்றை, சரியான எண்ணோடு, யாருக்கும் சொல்லாமல் பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டிருந்தாள். இன்று காலை அவள் வந்தபோது அது முடிந்திருந்தது.

திரையில் டயர் சுற்றியது. வேகம் ஏற ஏற, நசுங்கிய ரப்பர் நிமிர்வதற்குள் அடுத்த சுற்று வந்துவிட்டது. மடிப்புகள் அலையாகி, அலை டயர் முழுக்கப் பரவி, ஓரங்கள் சூட்டைக் காட்டும் செக்கச்செவேல் நிறமாயின. அதற்கு மேல் எந்த டயரும் தாங்காது. நார் நாராகக் கிழியும்.

உச்ச வேகச் சோதனை இன்றுதான். ஓட்டப்போவது தம்பி.

சோதனைத் தடத்து மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அறிக்கையில் போட்ட கையெழுத்து கண்முன் வந்து நின்றது.

"சார், எங்கம்மா மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க. தம்பியை உடனே அனுப்பி வைங்க."

பெற்றவளை மயக்கம் போட வைத்தாவது தப்பித்துக்கொள்ளும் புத்தி! தம்பி வந்துவிட்டால் இன்றைக்குச் சோதனை நடக்காது, நாளைக்குள் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

தம்பி வந்தான். முகத்தில் பயமில்லை, எரிச்சல்தான் இருந்தது.

"என்னக்கா விளையாட்டு இது? பதறிப்போய் அம்மாவுக்குப் போன் பண்ணினா, அவங்களே எடுத்து 'சாப்பிட்டியாடா'ன்னு கேக்குறாங்க. சார் பக்கத்துலயே நின்னு கேட்டுட்டாரு. மானம் போச்சு."

"வண்டி நிக்குதுல்ல?"

"எங்க நிக்குது? நான் இறங்கினதும் நம்ம ஒல்லி, ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு ஏறிட்டான். இந்நேரம் பறந்துக்கிட்டு இருப்பான்."

ஒல்லி தடத்தின் இன்னொரு டிரைவர், தினமும் மதியம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன். அவனும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். தம்பியைக் காப்பாற்றிய நிம்மதி வந்த வேகத்தில் போனது. மறுபடி போனை எடுத்தாள்.

"சொல்லும்மா," என்றார் மேற்பார்வையாளர். "இந்தத் தடவை யாருக்கு மயக்கம்?"

"சார், வண்டியை நிறுத்துங்க. டயர் தாங்காது."

"தாங்கும்னு நீதானேம்மா கையெழுத்துப் போட்டிருக்க? தம்பிக்கு லீவு வேணும்னா நேரா கேளு, இப்படியெல்லாம்..."

"அந்தக் கணக்கு பொய் சார்! நான்தான் எண்ணை மாத்தினேன். ரேடியோல சொல்லுங்க, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கச் சொல்லுங்க!"

தம்பி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். போனின் அந்தப் பக்கம் கேலி நின்றது. நாற்காலி நகர்ந்தது, ரேடியோ கரகரத்தது. "ஒல்லி, மெதுவா வேகத்தைக்..." என்று அவர் ஆரம்பித்தார்.

போனுக்குள் படார் என்று ஒரு சத்தம். ஒரு மூச்சு கழித்து அதே சத்தம் சோதனைத் தடத்திலிருந்து வந்து அவள் அறையின் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது.