பாலத்துக்கு முன்னால் நிற்கும் சோபா

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தெருவில் கிடைத்தது. எகிப்தில், தும்யாத் என்ற ஊரில், பாலம் தொடங்குகிற இடத்தில் மினிபஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வெயில் தணிந்து, நைல் நதியே அரைத்தூக்கத்தில் இருப்பது போன்ற நேரம். அப்போது ஒரு பெண்மணி சோபாவில் உட்கார்ந்தபடி வானத்தில் வந்தாள்.

(வானத்தில் இல்லை. சாமான் லாரியின் உச்சியில். நடுவில் நின்ற பெரிய பஸ் லாரியை மறைத்துவிட்டதால் என் கண்ணுக்குச் சோபாவும் அவளும்தான் தெரிந்தார்கள்.)

சோபாவுக்குப் பின்னால் ஒரு அலமாரியின் கண்ணாடி. அதில் பால்கனிகளும் காயப்போட்ட துணிகளும் ஒரு துண்டு மேகமும் மிதந்துகொண்டிருந்தன. அவள் கையை உயர்த்தினாள். எனக்குத்தான் என்று நினைத்து நானும் கையசைத்தேன். அதற்குள் என் மினிபஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

நான் கண்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

எப்படித் தொடங்குவது? முதலில் இப்படி எழுதினேன்:

"வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் நிறுவனங்களுக்கான புதிய விதிகளின்படி, உரிமம் பெறாத எந்த வண்டியும்—"

சே! படிக்கிறவர் கொட்டாவி விட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அடித்தேன்.

2 (மறுபடியும்)

இன்ஷிராஹ் என்று ஒருத்தியை உண்டாக்கினேன். மாகாணப் போக்குவரத்து அலுவலகத்தில், வீடு மாற்றும் வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரி. கருநீலச் சீருடை, தட்டையான செருப்பு. எங்கேயாவது ஒரு லாரியில் கயிறு தளர்ந்திருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கதவில் உரிம எண் இருக்க வேண்டும், சுமை குறித்த உயரத்தைத் தாண்டக் கூடாது, சுமையின் மேல் ஆள் ஏறவே கூடாது. இந்த மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

முதல் இரண்டுக்கும் ஊர் எப்படியோ தலையாட்டிவிட்டது. மூன்றாவதை மட்டும் கேட்பாரில்லை. எப்படிக் கேட்பார்கள்? மணப்பெண்ணின் சாமான் மாப்பிள்ளை வீட்டுக்குக் குறுக்குவழியில் போனால் திருட்டுச் சாமான் போலப் போகிறது என்பார்கள் இங்கே. ஊரிலேயே நீளமான வழியைப் பிடித்து, ஹார்ன் அடித்து, கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்பிக் கட்டி, உச்சியில் பெண்ணைப் பெற்றவள் உட்கார்ந்து குலவை இட்டால்தான் அது கல்யாணச் சாமான்.

இன்று அந்த உச்சியில் உட்கார்ந்திருப்பவள் ஃபிக்ரியா, இன்ஷிராஹின் கூடப்பிறந்த தங்கை. ஒரே மகள் ஷஹீராவின் சாமான். லாரி பஸ்யூனியுடையது. ஆளை ஏற்றியதற்காக ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டியவன். இன்னொரு தடவை மாட்டினால் உரிமம் போய்விடும், பிழைப்பும் போய்விடும்.

பாலத்துக்கு முந்தின தெருவில் இன்ஷிராஹ் கையைக் காட்டி லாரியை நிறுத்தினாள்.

"வாக்கா வா! இன்னிக்காவது அந்த யூனிஃபார்மக் கழட்டி வச்சிட்டு வரக்கூடாதா? கல்யாணத்துக்கு வந்தியா, கைது பண்ண வந்தியா?"

"சோபாவ விட்டு எறங்குடி, ஃபிக்ரியா."

"எறங்க மாட்டேன். எனக்கு இருக்கறது ஒத்தப் பொண்ணு. ஊரு பாக்கட்டும்."

"ஊரு ஃபிரிட்ஜப் பாக்கட்டும், கட்டிலப் பாக்கட்டும். உன்ன எதுக்குடி பாக்கணும்?"

"அதானே! என்னை நாலு பேரு பாத்தா உனக்குப் பொறுக்காதே. அன்னிக்கும் என் தலையப் புடிச்சு அமுக்குனவதானே நீ!"

ஜன்னலுக்கு வெளியே பஸ்யூனி தலையை நீட்டினான். "மேடம், நீங்களே ஞாயம் சொல்லுங்க. எறங்குங்கன்னு சொன்னா இந்தம்மா என் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுக்குறாங்க. ஏத்திக்கிட்டுப் போனா நீங்க லைசென்ஸப் புடுங்குறீங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கற கதையாப் போச்சு."

"நீ சும்மா இரு, உஸ்தா." (லாரி ஓட்டுகிறவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

"சும்மாத்தான் மேடம் இருக்கேன். இஞ்சினக்கூட நிறுத்திட்டேன்."

3

இங்கே எனக்கே ஒரு சந்தேகம். இவள் ஏன் இவ்வளவு கறார்?

சுலபமான காரணம் ஒன்று கையில் இருந்தது. அவள் கணவர் லாரியிலிருந்து விழுந்து— என்று ஒரு பக்கம் எழுதினேன். எனக்கே அழுகை வந்தது. கிழித்துப் போட்டேன். ஒரு சாவைக் கொண்டுவந்து வைத்தால் எதிரில் இருப்பவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். அது அழுகுணி ஆட்டம். ஆகவே அவள் கணவர் நலமாக இருக்கிறார். ராஸ் எல்-பர் கடற்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மீன்தான் ஒன்றும் சிக்கவில்லை.

காரணம் துக்கம் இல்லை என்று யோசிக்க யோசிக்கத் தெரிந்தது. சந்தோஷம்தான் காரணம்.

இன்ஷிராஹும் ஒருநாள் அந்த உச்சியில் உட்கார்ந்து போயிருக்கிறாள். அது அவளுடைய கல்யாணச் சாமான். மணப்பெண் ஏறுகிற வழக்கமில்லை என்று பெரியவர்கள் தடுத்தும் கேட்காமல் ஏறிவிட்டாள். மடியில் சின்னஞ்சிறு ஃபிக்ரியா, மஞ்சள் கவுன், மஞ்சள் ரிப்பன்.* அங்கிருந்து பார்த்தால் ஊர் வேறு ஊர். கூரைகளில் புறாக்கூண்டுகள், வீடுகளுக்குப் பின்னால் படகுகள் தூங்கும் நைல். இரண்டாம் மாடிப் பெண்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்று முஷப்பக் துண்டுகளை ஊட்டிவிட்டார்கள். (நம் ஜிலேபிக்குச் சித்தி மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) தெருவில் நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து சிரித்தார்கள். தன் வீடே தன்னைச் சுமந்துகொண்டு மிதந்து போவது போல அவளுக்கு இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் அறியவில்லை, பின்னும் அறியவில்லை.

ஃபிக்ரியா சோபா மேல் எழுந்து நின்று கைதட்டினாள். அப்போதுதான் இன்ஷிராஹ் கம்பியைப் பார்த்தாள். ஒரு வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்கு யாரோ இழுத்துவிட்ட மின்கம்பி, தொய்ந்து, பிள்ளையின் கழுத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தது. பிள்ளையின் தலையைப் பிடித்து முழுப் பலத்தோடு மெத்தைக்குள் அமுக்கித் தானும் குனிந்தாள். கம்பி மேலே போயிற்று. ரிப்பனும் அதோடு போயிற்று.

ஒருவரும் கவனிக்கவில்லை. ஃபிக்ரியா அழுதாள். "எல்லாரும் என்னையப் பாத்தாங்க, அக்கா என்னைய அமுக்கிட்டா!" என்று கீழே இறங்கியதும் கண்டவரிடமெல்லாம் முறையிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்தக் கதை வீட்டில் சிரிப்புக்கு வந்தது. இன்ஷிராஹ் வாய் திறக்கவில்லை. சொன்னால் அந்த நாளின் நிறமே மாறிவிடும். அந்த நாள் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

* ரிப்பன் முதலில் சிவப்பாக இருந்தது. சிவப்பென்றால் ஏதோ நடக்கப்போகிறது என்று நீங்கள் மோப்பம் பிடித்துவிடுவீர்கள். மாற்றிவிட்டேன்.

4

முடிவு ஒன்று. இன்ஷிராஹ் விடவில்லை. ஃபிக்ரியா இறங்கினாள், முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சாமான் குலவையில்லாமல் பாலம் தாண்டியது. எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். அக்காவும் தங்கையும் மட்டும் பேசிக்கொள்வதில்லை.

முடிவு இரண்டு. இன்ஷிராஹ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லாரி போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லைதான். இந்த விதியைப் பிடித்த பீடையே அதுதான். அது காப்பாற்றியவர்களுக்குத் தாங்கள் காப்பாற்றப்பட்டது தெரியாது, திட்டிவிட்டுப் போவார்கள்.

முடிவு மூன்றை நான் எழுதவில்லை. அவர்களே பேசிக்கொண்டார்கள்.

"ஃபிக்ரியா, அன்னிக்கு ஒரு கம்பி வந்துச்சுடி."

"என்ன கம்பி?"

"கரண்டுக் கம்பி. உன் கழுத்துக்கு நேரா. உன் ரிப்பன் எங்க போச்சுன்னு நெனச்ச?"

பஸ்யூனி ஹார்னிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"இத்தன வருஷமா..." ஃபிக்ரியா சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். "பெருநாளுக்குப் பெருநாள் ஊரக் கூட்டி உன்னைய ஏசிக்கிட்டு இருந்தேனே. அடிப்பாவி, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தடி. நானுந்தான்."

சரி, இப்போது இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். பேனாவை மூடக்கூடத் தயாராகிவிட்டேன். ஃபிக்ரியா கண்ணைத் துடைத்தாள், சோபாவில் ஓரமாக நகர்ந்தாள், பக்கத்து மெத்தையைத் தட்டிக் காட்டினாள்.

"அப்ப நீயும் ஏறு. பக்கத்துல உக்காரு. கம்பி வந்தா அமுக்கு."

"மேடம்!" என்று பஸ்யூனி அலறினான். "ஒரு ஆளுக்கே லைசென்ஸ் போவும். ரெண்டு ஆளா?"

இன்ஷிராஹ் லாரிக்குப் பின்பக்கம் போனாள். அலமாரிக் கண்ணாடியில் கருநீலச் சீருடையில் ஒரு பெண் நின்றாள், அவளுக்குப் பின்னால் தெரு முழுவதும் அண்ணாந்து காத்திருந்தது. விதி அவளுக்கு மனப்பாடம். அந்த உயரம் அதைவிட நன்றாக மனப்பாடம். ஏணிக் கம்பியில் கையை வைத்து—

6

ஐந்தாம் பகுதியில் அவள் ஏறினாளா இல்லையா என்பது இருந்தது. எடுத்துவிட்டேன். எது எழுதினாலும் பொய்யாகப் பட்டது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். அன்று நான் பார்த்த சோபாவில் அந்தப் பெண்மணிக்குப் பக்கத்தில் கருநீலமாக ஏதோ இருந்தது. தலையணையா, சீருடையா, இப்போது சத்தியமாக நினைவில்லை. அவள் கையை உயர்த்தியது நினைவிருக்கிறது. எனக்குக் கையசைத்தாள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்? முன்பின் தெரியாத எனக்கு அவள் எதற்குக் கையசைக்க வேண்டும்? பாலத்துக்கு முந்தின அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு கம்பி தொங்குகிறது. உயர்ந்த கை யார் தலையில் இறங்கிற்று என்று பார்ப்பதற்குள் நான் மினிபஸ்ஸில் ஏறிவிட்டேன்.

லாரி கிளம்பிவிட்டது. குலவை கேட்கிறது. கண்ணாடியில் மேகம் ஆடுகிறது. ஃபிக்ரியா எழுந்து நின்று கைதட்டுகிறாள், சிறுபிள்ளை மாதிரி. கம்பி பக்கத்தில் வருகிறது.

என் கையில் பேனா இருக்கிறது. உங்கள் கை சும்மாதானே இருக்கிறது?