பச்சையில் வந்த பிழை

பேருந்து டிக்கெட் விற்கும் கம்பெனியில் சர்வர் கணினிகளைக் கண்காணிப்பது மூத்தவளின் வேலை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடும் வரிகளை ஒன்பது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள். அங்கே அவளே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவள்தான் இளையவள், அவள் கொழுந்தனின் மனைவி.

வந்த மூன்றாம் மாதமே இளையவள் தன் கறுப்புத் திரையில் ஓடும் எழுத்துக்கு நிறம் ஏற்றினாள். பிழை வந்தால் சிவப்பு, எச்சரிக்கைக்கு மஞ்சள், எல்லாம் சரி என்றால் பச்சை.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "இத்தனை வருஷமா இது யாருக்கும் தோணலையே!"

அந்த "யாருக்கும்" மூத்தவளைச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்தால் மாமியார் வேறு, "சின்னவ ஏதோ கலர் போட்டாளாம், ஆபீஸே கொண்டாடுதாமே?" என்றாள். 

மறுநாள் இளையவள் சாப்பிடப் போன நேரம், மூத்தவள் அவள் கணினியில் நிறங்களுக்கான கோப்பைத் திறந்தாள். சிவப்புக்கு எண் 31, பச்சைக்கு 32. பிழைக்கு நேரே இருந்த 31-ஐ 32 ஆக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று மணிக்கு மூத்தவளின் வெள்ளை எழுத்துத் திரையில் பிழை வரிகள் சரசரவென்று ஓடின. இளையவளின் பொறுப்பில் இருந்த சர்வரில் டிஸ்க் நிரம்பிக்கொண்டிருந்தது; முழுக்க நிரம்பினால் டிக்கெட் விற்பனையே நின்றுவிடும். எட்டிப் பார்த்தாள். அங்கே திரை முழுக்கப் பச்சை. இளையவள் நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

பேசாமல் இருந்தால் போதும், கலர்காரியின் மானம் கப்பலேறிவிடும். ஐந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"ஏய், டிஸ்க் ரொம்புது! பழைய லாக் ஃபைலையெல்லாம் அழி!"

"பச்சையாத்தானேக்கா வருது?"

"நிறத்தை விடு, எழுத்தைப் படி!"

இளையவள் படித்தாள், பதறினாள், மளமளவென்று அழித்தாள். விற்பனை நிற்கவில்லை. பிறகு நிறங்களுக்கான கோப்பைத் திறந்தவள் பிழைக்கு நேரே இருந்த 32-ஐப் பார்த்தாள்.

"இதை நான் போடலையே."

"நான்தான் மாத்தினேன்," என்றாள் மூத்தவள்.

"ஏன்க்கா?"

"பொறாமைதான். வேறென்ன."

இளையவள் எண்ணைத் திருத்தினாள். "இனிமே என் சிஸ்டத்தைத் தொடாதீங்க."

அன்றைக்கு வழக்கம்போல் மூத்தவளைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொள்ளாமல் இளையவள் தனியாகப் போய்விட்டாள். ஆனால் போகும்முன் மேனேஜரிடம், "அக்கா மட்டும் பாக்கலைன்னா இன்னிக்கு மாட்டியிருப்போம் சார்," என்று சொன்னது மூத்தவள் காதில் விழுந்தது. எண்ணை மாற்றியதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மூத்தவள் வீடுவரை நடந்தே போனாள். அவமானமாக இருந்தது. பெரிய மனசு காட்டுவதிலும் சின்னவளே முந்திக்கொண்டாளே என்று நினைத்தபோது, அதைவிட ஆத்திரமாக இருந்தது.