கண் மூடுகிறதா என்று பார்க்க

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கே கண்ணில் கோளாறு வந்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? முதலாளி முதலில் சிரிக்கத்தான் செய்தார். தைராய்டுக் கோளாறோடு சேர்ந்து வருகிற நோய் இது, கண்ணுக்குப் பின்னால் இருக்கிற சதை வீங்கி விழியை முன்னால் தள்ளுகிறது என்று அவள் விளக்கிய பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "உடம்பப் பாத்துக்கம்மா" என்றார். கடைக்கு வருகிறவர்களுக்கு அந்த விளக்கமெல்லாம் யார் சொல்வது?

"கண்ணாடி வாங்க வந்தவனை எதுக்கும்மா இப்படி முறைக்கற?" என்று ஒரு பெரியவர் நேராகவே கேட்டுவிட்டார். அவள் முறைக்கவில்லை. அவருடைய தட்டை மூக்கில் எந்த ஃபிரேம் வழுக்காமல் உட்காரும் என்று கவலையோடு யோசித்துக்கொண்டிருந்தாள். மேல் இமை ஏறிக்கொண்டு, விழி பிதுங்கி நின்றால் கவலைகூடச் சண்டைக்கு வருகிற மாதிரிதான் தெரியும். சிரித்தால் இன்னும் மோசம். கண்ணாடியில் ஒருமுறை சிரித்துப் பார்த்துவிட்டு அவளே பயந்துபோனாள்.

இதையாவது சகித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் ஒரு கணக்கு வாத்தியாருக்கு ஃபிரேம் மாட்டி, கருவிழிக்கு நேராகக் கண்ணாடியில் புள்ளி வைத்தாள். லென்ஸின் மையம் அந்தப் புள்ளியில்தான் வரவேண்டும். காலம் காலமாகச் செய்கிற வேலை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு வாத்தியாரின் ஒரே கண்ணில் இரண்டு கருவிழி தெரிந்தது, ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று. எது நிஜம் என்று கேட்கவா முடியும்? ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வாத்தியார் தலைவலியோடு திரும்பி வந்தார். மறுநாளிலிருந்து அவளுக்குப் பின்கட்டு அறை. லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கிற இயந்திரம், அதன் இரைச்சல், தண்ணீரில் கலந்து வழிகிற வெள்ளைச் சேறு. பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கா கிடையாது.

வீட்டிலும் அதே கதைதான். அவளுடைய வீட்டுக்காரர் பல வருடத்துக்கு முன்பே வேறொருத்தியின் வீட்டுக்காரர் ஆகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அண்ணன் ஒருவர் தொலைவில் இருக்கிறார். போன் செய்தால் "நல்லா இருக்கியா?" என்று கேட்டு, "நல்லா இரு" என்று அவரே பதிலும் சொல்லி வைத்துவிடுவார். நல்ல மனுஷன்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலத்தை ஓட்ட முடியாது.

அக்குபங்சருக்குப் போகலாமா என்று கண் டாக்டரிடமே கேட்டாள். "செஞ்சுக்கங்க, தப்பில்ல" என்றார் அவர். "அதால கண்ணு உள்ள போயிடும்னு மட்டும் நினைக்காதீங்க. மாத்திரையை நிறுத்தவே கூடாது. எப்ப பரிசோதனைக்கு வரச் சொல்றேனோ அப்ப வந்தாகணும்."

மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை. ஊசி வைத்தியம் செய்கிறவள் அவள் வயதுக்காரிதான், குட்டையாய், கறாராய், சிரிப்பைச் சில்லறை மாதிரி எண்ணிக் கொடுக்கிறவள். இவள் அவளுக்கு மனதுக்குள் 'ஊசியம்மா' என்று பேர் வைத்துக்கொண்டாள். ஊசியம்மாவும் டாக்டர் சொன்னதையே முதலில் சொன்னாள். "இது கூடமாட ஒரு உதவி, அவ்வளவுதான். எரிச்சல் கொஞ்சம் அடங்கலாம், மனசு ஆறும், தூக்கம் வரும். கண்ணைச் சுத்தி நான் ஊசி போடமாட்டேன், வீங்கின இடத்துல எனக்கு வேலையில்ல. கையில, காலுல, உச்சந்தலையில. சம்மதமா?"

சம்மதம். மயிரிழை மாதிரி ஊசிகள். குத்துகிறது என்று சொல்ல முடியாது, யாரோ விரல் நுனியால் தொட்டுக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒன்று இறங்கியபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வலியால் இல்லை. அவள் கையை ஒருவர் பிடித்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

ஊசிகளை வைத்து முடித்துவிட்டு ஊசியம்மா கேட்டாள்: "தூங்கும்போது கண்ணு முழுசா மூடுதா?"

"மூடுதுன்னுதான் நினைக்கறேன்."

"நினைச்சா போதாது. இந்த நோய்ல சில பேருக்கு இமை முழுசா சேராது. ராத்திரி பூரா கருவிழி காஞ்சு கிடக்கும். அப்படியே விட்டா புண்ணு வந்து பார்வையே போயிடும். தூங்கறவங்களுக்குத் தெரியாது, பக்கத்துல இருக்கறவங்கதான் பாத்துச் சொல்லணும். வீட்டுல யார் இருக்கா?"

யாரும் இல்லை என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு சொல். ஆனால் கையில் ஊசியோடு, காலில் ஊசியோடு, அசையாமல் மல்லாந்து கிடக்கிறவளுக்கு அந்த இரண்டு சொல் வாயில் வரவில்லை. அவமானமாக இருந்தது. தூங்குவதைப் பார்க்கக்கூட ஆளில்லாதவள் என்று முதல் நாளே எப்படிச் சொல்வது? "வீட்டுக்காரர் இருக்காரு" என்றாள். "பாக்கச் சொல்றேன்."

பொய் என்பது அதோடு விடுமா? அடுத்த வாரம் ஊசியம்மா மறக்காமல் கேட்டாள். "என்ன சொன்னாரு?"

"நல்லா மூடியிருக்குன்னு சொன்னாரு."

"ஒரு தடவைதான் பாத்தாரா?"

"இல்ல, நடுவுல எழுந்து எழுந்து பாத்தாராம். அவருக்குத் தூக்கமே போச்சுன்னு சலிச்சுக்கிட்டாரு."

சொல்லிவிட்டு அவளுக்கே ஆச்சரியமாகிவிட்டது. நிஜ வீட்டுக்காரர் கூடவே இருந்த காலத்தில் தலைமாட்டில் இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற ஆள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் காலையில் காபி தாமதமானபோதுதான் தெரியும் அவருக்கு. பொய்யில் பிறந்த இவரோ, ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்கிறார், சலித்துக்கொண்டாலும் மறுபடியும் பார்க்கிறார். வாரா வாரம் இவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல நேர்ந்தது. சொல்லச் சொல்ல இவருக்கு ஒரு குணம் வந்தது. கொஞ்சம் முன்கோபி, ஆனால் கைகாரியம் சுத்தம். சொட்டு மருந்து போட மறந்தால் திட்டுவார். பின்கட்டில் இயந்திரம் இரைகிற நேரத்தில் இன்றைக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்தும் விடவில்லை.

உண்மையைத் தெரிந்துகொள்ள முயலவில்லை என்று சொல்லக்கூடாது. விடுமுறை நாள் மத்தியானம் ஒன்றில், போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து, தன் முகத்தைப் படம் எடுக்கவிட்டுப் படுத்தாள். எழுந்து பார்த்தால் படம் முழுக்க ஒரு பெண் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தாள், நடுநடுவே போனைத் திரும்பிப் பார்த்தாள். தன்னைப் பார்க்க ஒன்று இருக்கிறது என்ற நினைப்பிலேயே தூக்கம் வரவில்லை. தன் முகத்தை அவ்வளவு நேரம் பார்க்கப் பிடிக்காமல் அழித்துவிட்டாள்.

காலையில் கண்ணில் மணல் கொட்டிய மாதிரி உறுத்தல் கூடிக்கொண்டே போயிற்று. நோய் என்றால் உறுத்தத்தானே செய்யும் என்று விட்டாள். கண் டாக்டரும் பரிசோதனையில் அதே கேள்வியைக் கேட்டார். ஊசியம்மாவிடம் சொன்னதையே இங்கேயும் சொன்னாள். வீட்டுக்காரர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பேச முடியுமா? "அப்ப பரவாயில்ல" என்று சொல்லி டாக்டர் அடுத்த பரிசோதனையைத் தள்ளிப் போட்டார். மருத்துவமனைப் படியில் பாதி இறங்கினாள். திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நின்றாள். கூட வந்தவர்கள் கை பிடித்து இறக்கிக்கொண்டிருந்த நோயாளிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். பிறகு பஸ் வந்துவிட்டது.

அதற்கடுத்த வாரம் ஊசிகளோடு படுத்திருந்தவள் தன்னை அறியாமல் தூங்கிவிட்டாள். அப்படித் தூங்கி எத்தனை காலமாயிற்றோ. கண் விழித்தபோது ஊசிகளெல்லாம் எடுக்கப்பட்டிருந்தன. ஊசியம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கண்ணு மூடல" என்றாள்.

"என்னது?"

"பாதிகூட மூடலன்னு வச்சுக்கங்களேன். இமைக்கு நடுவுல வெள்ளையா தெரியுது. நான் இவ்வளவு நேரம் இங்கதான் உக்காந்திருக்கேன். உங்க வீட்டுக்காரர் எதைப் பாத்தாரு?"

"அவரு பாத்தாருங்க."

"பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். சும்மா ஒப்புக்குச் சொல்லியிருக்காரு. புரண்டு படுத்துக்கிட்டே மூடியிருக்குன்னு சொல்லியிருப்பாரு."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து உட்கார்ந்தாள். "அவரு அப்படிப்பட்ட ஆள் இல்ல. ஒண்ணு சொன்னா செய்வாரு. நீங்க பாட்டுக்கு அவரைப் பத்திப் பேசாதீங்க."

"பேசாம? கட்டினவ கண்ணு போனா அவருக்கென்னன்னு இருக்காரா? போன் நம்பர் குடுங்க, நானே கேக்கறேன். இல்லன்னா கூட்டிட்டு வாங்க இங்க."

ஊசியம்மா போனைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். கோபத்தில் அவள் மூக்கு விடைத்திருந்தது. தனக்காக ஒருத்தி கோபப்படுகிறாள் என்பது புரிய இவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கொடுக்க ஒரு நம்பர் இல்லை. பழி போட்டால் போதும், ஆமாம், அவர் பொறுப்பில்லாதவர்தான் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ராத்திரியெல்லாம் எழுந்து பார்த்த மனுஷன் மேல் எப்படிப் பழி போடுவது?

"அவரு மேல தப்பில்லீங்க" என்றாள். "அவரே கிடையாது. என்னை விட்டுட்டுப் போய் ரொம்ப வருஷமாச்சு. வீட்டுல யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

ஊசியம்மா போனை மேசைமேல் வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னலைப் போய்ச் சாத்தினாள், செருப்பை மாட்டினாள். "கிளம்புங்க. கண் ஆஸ்பத்திரி மூடறதுக்குள்ள போகணும்" என்றாள்.

டாக்டர் கண்ணில் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். வலது கருவிழியின் அடிப்பகுதியில் புண் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மையத்துக்குப் போயிருக்கும் என்றார். பகலுக்குச் சொட்டு மருந்து, தூங்கப் போகும்போது களிம்பு, அதன்மேல் இமையைச் சேர்த்து ஒட்டும் டேப். வீக்கம் அடங்கிய பிறகு வேண்டுமானால் அறுவை சிகிச்சை. "டேப் விலகாம நிக்குதான்னு ஆரம்பத்துல யாராவது பாக்கணும். இமைக்குள்ள போய் உரசினா இன்னும் கெடுதல். வீட்டுல யார் இருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் இல்லீங்க" என்றாள் அவள். இந்த முறை இரண்டு சொல்லும் வந்தன. பக்கத்தில் நின்ற ஊசியம்மா சுவரில் ஒட்டியிருந்த எழுத்துப் பலகையைப் படிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு கண்ணையும் ஒட்டிக்கொண்டு தனி வீட்டில் படுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கதவைச் சாத்தி, அடுப்பைப் பார்த்து, தண்ணீரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, எல்லாம் முடித்த பிறகுதான் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டால் குருடு. முதல் நாள் ஒட்டிக்கொண்டு படுத்தபோது, மனதில் வழக்கம்போல் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கப் போனாள். ஒன்றும் வரவில்லை. வாய்விட்டுச் சொன்ன ஒரு வார்த்தையில் ஆள் காணாமல் போயிருந்தார். முதல் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அழுததில் டேப் நனைந்து பிய்ந்துகொண்டது. தடவித் தடவி எழுந்து, முகத்தைத் துடைத்து, புதிதாக ஒட்டினாள்.

வழக்கமான நாளில் மாடி ஏறினாள். ஊசியம்மா ஊசிப் பெட்டியைத் திறக்கவில்லை.

"இன்னைக்கு ஊசி வேணாம். டேப்பும் களிம்பும் கொண்டாந்தீங்களா? எப்படி ஒட்டறீங்கன்னு காட்டுங்க. ஒட்டிட்டு இங்கயே தூங்குங்க. நிக்குதான்னு நான் பாத்துச் சொல்றேன்."

"உங்க வேலை கெடுமே."

"இந்த நேரத்துக்கு எனக்கு யாரும் வர்றதில்ல. வந்தா வெளியில உக்காரட்டும்."

கையால் தடவிப் பார்த்துக் களிம்பு இட்டாள், இமையை இழுத்து ஒட்டினாள். ஊசியம்மாவின் விரல் வந்து ஓரத்தை அழுத்திவிட்டுப் போயிற்று. வாரத்தில் ஒரு மத்தியானம்தான். மற்ற நாளெல்லாம் வீட்டில் அவள் தனியாகத்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும், அது மாறப்போவதில்லை. ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கேன். தூங்குங்க."

பிறகு இருட்டுக்குள்ளிருந்தே கேட்டாள்: "நான் குறட்டை விடறேனான்னும் பாத்துச் சொல்றீங்களா? இத்தனை வருஷமா எனக்குத் தெரியல."